முஸ்லிம் இதழ்கள், கெய்ரோ முதல் கண்டி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய முஸ்லிம் பத்திரிகைகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடுகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், பள்ளிவாசல் நண்பர்கள் கேட்கிறார்கள், இஸ்லாத்தைப் பற்றி அதிகம் தெரியாத இலக்கிய வாசகர்களும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். 1870-களிலிருந்து 1930-கள் வரையிலான காலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். இன்று நாம் போடும் சண்டைகளில் முக்கால்வாசி அப்போதே தொடங்கியவை.

முஸ்லிம் இதழியல் என்று தனியாக ஒன்று உண்டா? பத்திரிகை என்றால் பத்திரிகைதானே?

உண்டு. ஆனால் அதை நடத்தியவர் முஸ்லிம் என்பதாலோ, முதல் பக்கத்தில் பிறை போட்டிருப்பதாலோ அது தனி வகை ஆகிவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலக முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆட்சிக்குள் வந்துவிட்டார்கள். ‘நமக்கு என்ன ஆயிற்று, இனி என்ன செய்வது’ என்ற கேள்வி எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் எழுந்தது. அதைப் பேச ஒரு பொது இடம் வேண்டியிருந்தது. மத்ரஸாவில் எல்லாரும் பேச முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை மேடையில் ஒருவர்தான் பேசுவார். பத்திரிகையில் மட்டும்தான் ஒரு வியாபாரி ஓர் ஆலிமை, அதாவது மார்க்க அறிஞரை, மறுத்து எழுத முடிந்தது, அதற்கு அந்த ஆலிம் அடுத்த இதழில் பதில் எழுதவும் வேண்டியிருந்தது.

ஆகவே இதை ஒரு சமூகம் தனக்குத்தானே நடத்திய விவாதத்தின் வரலாறு என்று படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘மேற்குக்கு முஸ்லிம்கள் சொன்ன பதில்’ என்று மட்டும் படித்தால் பாதியைக்கூடப் பார்க்க முடியாது.

அந்தப் பத்திரிகைகளில் மதப் பிரசாரம்தானே இருந்திருக்கும்?

மதம் நிறைய இருந்தது, மறுக்கவில்லை. அது எப்படி இருந்தது என்பதற்கு அல்-மனாரைச் சொல்கிறேன். இன்றைய லெபனானின் திரிபோலிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ரஷீத் ரிளா 1898-இல் கெய்ரோவில் தொடங்கிய இதழ் அது. 1935-இல் அவர் இறக்கும் வரை வந்தது. அதன் உயிர் வாசகர் கேள்விப் பகுதியில் இருந்தது. ஜாவாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும்கூடக் கடிதங்கள் வரும். ரிளா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவார்.

அந்தக் கேள்விகளின் ருசி தெரிய வேண்டுமானால் 1903-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த மூன்றைப் பாருங்கள். வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் ஐரோப்பியத் தொப்பி போட்டுக்கொள்ளலாமா? அங்குள்ள கிறிஸ்தவர்கள் அறுத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? ஷாஃபி மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை)ச் சேர்ந்தவர் ஹனஃபி இமாமுக்குப் பின்னால் நின்று தொழலாமா? மூன்றையும் கேட்டது எகிப்தின் முஃப்தியாக, அதாவது மார்க்கத் தீர்ப்பு வழங்குபவராக இருந்த, ரிளாவின் ஆசான் முஹம்மது அப்துஹுவிடம். மூன்றுக்கும் ‘கூடும்’ என்றார். எகிப்துப் பத்திரிகைகளில் பெரும் அமளி. அப்துஹுவின் அரசியல் எதிரிகள் இந்த ஃபத்வாவை (மார்க்கத் தீர்ப்பை) வைத்தே அவரைக் கீழே தள்ளப் பார்த்தார்கள். அல்-மனார் அவர் பக்கம் நின்று மாதக்கணக்கில் எழுதியது.

கேட்டவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். வெள்ளையர் ஆட்சி, சுற்றிலும் அந்நியர்கள், பக்கத்தில் நின்று தொழுகிறவர் வேறு நாட்டிலிருந்து வந்த வேறு மத்ஹபுக்காரர். புது உலகத்தில் முஸ்லிமாக எப்படி வாழ்வது என்ற கேள்வி அவருக்கு இறைச்சிக் கடை வாசலில் தினமும் வந்து நின்றது. இதைப் பிரசாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. டச்சு ஆட்சியில் இருந்த மேற்கு போர்னியோவில் சம்பாஸ் என்ற ஊரின் இமாம், முஹம்மது பஸ்யூனி இம்ரான், ரிளாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். முஸ்லிம்கள் ஏன் பின்தங்கினார்கள், மற்றவர்கள் ஏன் முன்னேறினார்கள் என்பது கேள்வி. ரிளா அதை, நாடுகடத்தப்பட்டு சுவிட்சர்லாந்தில் இருந்த அரபு எழுத்தாளர் ஷகீப் அர்ஸ்லானுக்கு அனுப்பினார். அர்ஸ்லானின் பதில் அல்-மனாரில் வந்து, 1930-இல் தனி நூலாகி, பல மொழிகளுக்குப் போனது. போர்னியோவில் கேட்டு, கெய்ரோ வழியாகப் போய், சுவிட்சர்லாந்தில் எழுதி, உலகம் முழுவதும் படித்த ஒரு பதில்! தபால் கப்பலும் ஒரு மாத இதழும்தான் அன்றைக்கு இருந்த வசதி.

முஸ்லிம்கள் அச்சு இயந்திரத்தையே எதிர்த்தார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. அச்சு தாமதமாகத்தான் வந்தது. இஸ்தான்புல்லில் இப்ராஹிம் முத்தஃபர்ரிகாவுக்கு 1727-இல் அனுமதி கிடைத்தது, முதல் நூல் 1729-இல் வந்தது. அந்த அனுமதிக்கு ஷெய்குல் இஸ்லாமின், அதாவது உஸ்மானிய அரசின் தலைமை மார்க்க அதிகாரியின், ஃபத்வாவும் துணையாக இருந்தது என்பதைக் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

தாமதத்துக்கு நடைமுறைக் காரணங்களும் இருந்தன. அரபு எழுத்து சேர்த்து எழுதப்படுவது. ஓர் எழுத்து சொல்லின் முதலில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, கடைசியில் வேறு மாதிரி வரும். ஈய எழுத்தில் அதை வார்ப்பது பெரிய செலவு. உருது எழுதும் நஸ்தலீக் எழுத்து நடை இன்னும் சிக்கல், சொல் சரிவாக இறங்கி வரும். கல்லச்சு வந்த பிறகுதான் வழி பிறந்தது. கையால் எழுதியதை அப்படியே கல்லுக்கு மாற்றி அச்சடிக்கலாம். அது கைக்கு வந்த பிறகு வட இந்தியாவில் உருது அச்சகங்கள் மளமளவென்று பெருகின. அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று, லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம். 1858-இல் ஓர் இந்து தொடங்கியது. குர்ஆன் பிரதிகளையும் இஸ்லாமிய நூல்களையும் பெருவாரியாக அச்சிட்டுப் பரப்பியது அதுதான்.

கையால் எழுதிய நாளிதழ் ஒன்று சென்னையில் இருந்ததாமே, உண்மையா?

உண்மை. ‘முசல்மான்’ என்ற உருது மாலை நாளிதழ். 1927-இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கினார். அந்த வருடம் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்க வந்த டாக்டர் எம். ஏ. அன்சாரி இதைத் தொடங்கி வைத்தார். திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சின்ன அலுவலகம். அஸ்மத்துல்லாவுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று மூன்று தலைமுறையாக நடந்தது. கணினி எல்லா மேசைக்கும் வந்துவிட்ட 2000-களிலும் காத்திபுகள், அதாவது எழுத்துக் கலைஞர்கள், உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார்கள்.

நான்கு பக்கம். ஒரு பக்கம் எழுத ஏறக்குறைய மூன்று மணி நேரம். கலம் என்னும் எழுதுகோல், மை, அளவுகோல், அவ்வளவுதான் கருவி. எழுதி முடித்த தாளைப் படமெடுத்து, பிளேட் ஆக்கி, அச்சில் ஏற்றுவார்கள். கடைசி நேரச் செய்தி வந்தால் சேர்க்க முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டு வைப்பார்கள். அந்தக் காலி மூலைதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எழுத்து அழகுக்காகச் செய்தியைக் கைவிடக்கூடாது என்ற பத்திரிகைக்காரனின் புத்தி அதில் தெரிகிறது. காத்திபுகளில் பெண்களும் இருந்தார்கள்.

தமிழில் எப்போது தொடங்கியது?

இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ் வாசகர்களில் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கண்டியில் முகம்மது காசிம் சித்தி லெப்பை என்ற வழக்கறிஞர் இருந்தார். 1838-இல் பிறந்தவர். 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். சில வாரங்களிலேயே, 1883 ஜனவரியில், எகிப்திலிருந்து ஒரு கப்பல் கொழும்புக்கு வந்தது. பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அகமது அராபி பாஷாவும் அவருடைய தோழர்களான ஆறு பாஷாக்களும் நாடுகடத்தப்பட்டு அதில் வந்து இறங்கினார்கள்.

கெய்ரோவின் அரசியல் தானாக வந்து இலங்கையில் குடியேறிய மாதிரிதான் ஆயிற்று. அராபி பாஷா 1901 வரை இலங்கையில் இருந்தார். முதலில் கொழும்பில், பிறகு கண்டியில். அவர் வாழ்ந்த கண்டி வீடு இன்று அருங்காட்சியகம். சித்தி லெப்பைக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். துருக்கி, எகிப்துச் செய்திகளைத் தமிழ் முஸ்லிம்கள் முஸ்லிம் நேசன் வழியாகப் படித்தார்கள். கூடவே சித்தி லெப்பை தன் சமூகத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். ஆங்கிலப் படிப்பு ஹராமா, மார்க்கம் தடுத்ததா? மிஷன் பள்ளிக்குப் பயந்து பிள்ளைகளைப் படிக்கவே வைக்காமல் விடுவது சரியா? பெண் பிள்ளைகள் ஏன் எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்க வேண்டும்?

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1892-இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஸாஹிரா கல்லூரி. அதற்குச் சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் உழைத்தார்கள், அராபி பாஷாவும் துணை நின்றார். பெண்களுக்காகக் கண்டியிலும் சித்தி லெப்பை பள்ளி நடத்தினார்.

அப்புறம் 1885-இல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’. தமிழின் முதல் நாவல் 1879-இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்து வந்தது அசன்பே சரித்திரம் என்று இலக்கிய வரலாற்றில் சொல்வார்கள். கதாநாயகன் எகிப்தைச் சேர்ந்தவன். தமிழ் நாவல் நடக்கப் பழகிய காலத்திலேயே கண்டியிலிருந்து கெய்ரோ வரை போய்விட்டது. நம் பாடப்புத்தகங்களில் அதற்கு ஒரு வரியாவது தர வேண்டாமா?

சிங்கப்பூரிலும் இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஆமாம். நாகூர், காரைக்கால், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போன மரைக்காயர்களும் ராவுத்தர்களும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்ததோடு அச்சகமும் வைத்தார்கள். 1887-இல் சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். சில ஆண்டுகள் வந்தது. அதற்கும் முன்பு, நாகூரின் பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர் பினாங்கு போய் ‘வித்தியா விசாரிணி’ நடத்தினார். பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவருக்கு இருந்த மதிப்பு தனிக்கதை.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். மலாய் மொழியின் முதல் முக்கியமான செய்தித்தாள் ‘ஜாவி பெரானாக்கன்’, 1876-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் இந்திய முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த கலப்புச் சமூகத்தார். அந்த இந்தியத் தந்தையரில் தமிழ் முஸ்லிம்கள் நிறையப் பேர். பிறகு 1906-இல் அதே ஊரில் ‘அல்-இமாம்’ வந்தது. அது அல்-மனாரைப் பார்த்து வளர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து அந்தச் சிந்தனை சுமத்ராவுக்குப் போய் 1911-இல் பாடாங்கில் ‘அல்-முனீர்’ ஆயிற்று.

அரசாங்கம் இவற்றை எப்படி நடத்தியது?

மோசமாக. 1857 கிளர்ச்சிக்கு முன்பிருந்தே தில்லியில் ‘தில்லி உருது அக்பார்’ நடத்திய மௌலவி முஹம்மது பாகிரை, கிளர்ச்சியை அடக்கிய கையோடு ஆங்கிலேயர்கள் கொன்றார்கள். 1884-இல் சீர்திருத்தச் சிந்தனையாளர் ஜமாலுத்தீன் ஆப்கானியும் அப்துஹுவும் பாரிஸிலிருந்து நடத்திய ‘அல்-உர்வத்துல் வுஸ்கா’ 18 இதழ்கள்தான் வந்தது. இந்தியாவுக்குள்ளும் எகிப்துக்குள்ளும் வராமல் தடுத்தார்கள். அப்படியும் அது ஏற்படுத்திய சலனம் ஒரு தலைமுறைக்கு அடங்கவில்லை. சிரியாவில் பழைய பிரதிகளைத் தேடிப் பிடித்துப் படித்துத்தான் ரிளா பத்திரிகைக்காரர் ஆனார்.

அபுல் கலாம் ஆசாத் 1912 ஜூலையில் கல்கத்தாவில் ‘அல்-ஹிலால்’ தொடங்கியபோது அவருக்கு வயது 23. உருதுப் பத்திரிகைகள் கல்லச்சில் மங்கலாக வந்துகொண்டிருந்த காலத்தில் அவர் படங்களோடு, அழகான எழுத்தில் கொண்டுவந்தார். நடையோ தீப்பிழம்பு. முஸ்லிம்கள் சுதந்திரப் போராட்டத்தில் மற்றவர்களோடு சேர வேண்டும் என்று நேராகவே எழுதினார். 1910-ஆம் வருடப் பத்திரிகைச் சட்டத்தில் அரசு ஜாமீன் தொகை கேட்கலாம், எழுத்து பிடிக்காவிட்டால் அதைப் பறிமுதல் செய்து, கூடுதல் தொகை கேட்கலாம். முதலில் 2,000 ரூபாய், பிறகு 10,000 ரூபாய் என்று கேட்டு 1914-இல் அல்-ஹிலாலை நிறுத்த வைத்தார்கள். அவர் 1915-இல் ‘அல்-பலாக்’ என்று வேறு பெயரில் வந்தார். அதுவும் நின்றது. 1916-இல் வங்காளத்தை விட்டு வெளியேற்றி, ராஞ்சியில் காவலில் வைத்தார்கள்.

நம் பக்கத்து வீட்டில் நடந்த கதையும் உண்டு. திருவிதாங்கூரில் வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-இல் ‘சுவதேசாபிமானி’ தொடங்கினார். அச்சகம் வைத்தார், முதல் போட்டார். ஆசிரியராக கே. ராமகிருஷ்ண பிள்ளையை நியமித்து, எழுத்தில் தலையிடாமல் ஒதுங்கி நின்றார். பிள்ளை திவானின் ஊழலைப் பிரித்து மேய்ந்தார். 1910 செப்டம்பரில் அச்சகத்தைப் பறிமுதல் செய்து பிள்ளையை நாடுகடத்தினார்கள். அவரைக் கொண்டுவந்து விட்ட இடம் திருநெல்வேலி. மௌலவி நினைத்திருந்தால் ஆசிரியரை அடக்கித் தன் சொத்தைக் காப்பாற்றியிருக்கலாம். செய்யவில்லை. பிறகு அல்-மனாரின் தாக்கத்தில் அரபு-மலையாள எழுத்தில் ‘அல்-இஸ்லாம்’ நடத்தினார். ஒரு பத்திரிகை உரிமையாளர் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

பெண்கள் எழுதினார்களா?

எழுதினார்கள், நடத்தினார்கள். 1898-இல் லாகூரில் முஹம்மதி பேகம் ‘தஹ்ஸீபே நிஸ்வான்’ என்ற உருது வார இதழின் ஆசிரியரானார். அவருக்கு அப்போது இருபது வயது இருக்கும். கணவர் சையத் மும்தாஜ் அலி பதிப்பாளர். இலவசமாக அனுப்பிய பிரதிகளைச் சில வீட்டு ஆண்கள் மேலுறையிலேயே வசை எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இதழ் நிற்கவில்லை. 1908-இல் பேகம் இளவயதிலேயே இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் வந்தது. பர்தாவுக்குள் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே அந்தப் பக்கங்களில் சிநேகிதிகள் ஆனார்கள்.

வங்காளத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் நாட்டை ஆளும் ஒரு கற்பனை உலகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். ‘சுல்தானாவின் கனவு’ என்ற அந்தக் கதை 1905-இல் முதலில் அச்சேறியது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழில். பின்னர் 1947 ஜூலையில் கல்கத்தாவில் ‘பேகம்’ வார இதழ் தொடங்கியது. முதல் ஆசிரியர் கவிஞர் சூஃபியா கமால்.

தமிழில் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்டார். பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றுபோன ஒரு பெண் அவர். உ. வே. சாமிநாதையர் பாராட்டினார் என்றால் அந்தத் தமிழ் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆலிம்களுக்கும் இந்தப் பத்திரிகைகளுக்கும் எப்போதும் சண்டைதானா?

எப்போதும் இல்லை. பத்திரிகை நடத்தியவர்களில் ஆலிம்களே ஏராளம், அப்துஹு, ரிளா, வக்கம் மௌலவி எல்லாரும் ஆலிம்கள்தான். ஆனால் சண்டைகளும் இருந்தன. தமிழ்நாட்டில் பா. தாவூத் ஷாவைச் சொல்லலாம். நாச்சியார்கோவில் பக்கம் பிறந்தவர், நல்ல அரசு வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். இவருடைய ‘தாருல் இஸ்லாம்’ பல பத்தாண்டுகள் தமிழ் முஸ்லிம் வீடுகளில் புகுந்து விளையாடியது. ஜும்ஆ பிரசங்கம் தமிழில் இருக்க வேண்டும், குர்ஆனைத் தமிழில் பொருள் தெரிந்து படிக்க வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. இன்று தமிழில் ஜும்ஆ உரை கேட்காத ஊர் அரிது. அதற்காக எத்தனை வருடம் ஒருவர் திட்டு வாங்கினார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

தாவூத் ஷா சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்ல. தர்காக்களைப் பற்றி அவர் எழுதியதில் நியாயமும் இருந்தது, தேவையில்லாத கடுமையும் இருந்தது. ஆனால் பிழையில்லாத நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்துக்கு நாம் எல்லாருமே கடன்பட்டிருக்கிறோம்.

நகைச்சுவை, கேலிச்சித்திரம் இவற்றுக்கு இடமே இல்லையா?

இருந்தது, அதுவும் தாராளமாக. 1906-இல், அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த ஜார்ஜியாவின் திபிலிஸில் ஜலீல் மம்மத்குலிசாதே தொடங்கிய ‘முல்லா நஸ்ருத்தீன்’ அஜர்பைஜான் மொழியில் வண்ணக் கேலிச்சித்திரங்களோடு வந்த வார இதழ். ஊழல் அதிகாரி, பேராசைக்கார முல்லா, மனைவியை அடிக்கும் கணவன், ஐரோப்பிய உடை போட்டதாலேயே அறிவாளி ஆனவர் என்று யாரையும் விட்டு வைக்கவில்லை. மிரட்டல்கள் வந்தன. திபிலிஸ், தப்ரீஸ், பாகூ என்று ஊர் மாறி 1931 வரை வந்தது.

அதே ரஷ்யப் பேரரசில், கிரிமியாவின் பக்சிசராயில் இஸ்மாயில் காஸ்பிரின்ஸ்கி 1883-இலிருந்து நடத்திய ‘தெர்ஜுமான்’ வேறு குணம். நிதானமானது, பள்ளிச் சீர்திருத்தத்தையே மூச்சாகக் கொண்டது.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. எகிப்தின் அல்-அஹ்ராம் நாளிதழைத் தொடங்கியவர்கள் லெபனான் கிறிஸ்தவச் சகோதரர்கள். கெய்ரோவின் அறிவியல், வரலாற்று இதழ்கள் பலவும் அரபுக் கிறிஸ்தவர்கள் நடத்தியவை. நவல் கிஷோரையும் ராமகிருஷ்ண பிள்ளையையும் ஏற்கெனவே பார்த்தோம். முல்லா நஸ்ருத்தீனின் முக்கிய ஓவியர்களில் ஒருவர் ஜெர்மானிய வம்சத்தைச் சேர்ந்த ஓஸ்கார் ஷ்மெர்லிங்.

இலக்கியத்துக்கு இந்த இதழ்கள் என்ன செய்தன?

ஒரே உதாரணம் போதும். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நூலாக வந்தது 1988-இல். அதற்கு முன் அது ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்துவிட்டது. பெரிய பத்திரிகைகளும் பதிப்பகங்களும் கண்டுகொள்ளாத காலத்தில் ஒரு சமூக இதழ் இடம் கொடுத்தது. ‘சமூகப் பத்திரிகைதானே’ என்று ஏளனமாகச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்றைய நிலை என்ன?

1996-இல் கத்தாரின் தோஹாவில் அல் ஜசீரா தொலைக்காட்சி தொடங்கியது அரபு உலகத்துக்குப் பெரிய திருப்பம். அரசர் யாரைச் சந்தித்தார், என்ன திறந்து வைத்தார் என்பதையே செய்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரலையில் எதிரெதிர்க் கருத்துகளைக் கேட்டார்கள். அதுவும் ஓர் அரசின் பணத்தில் நடப்பதுதான், அந்த அரசைப் பற்றி அதே வேகத்தில் பேசாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விலை பயங்கரமானது. சவூதி பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபர் 2-ஆம் தேதி இஸ்தான்புல்லின் சவூதி துணைத் தூதரகத்துக்குள் போனார், உயிரோடு வெளியே வரவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களின் எண்ணிக்கை, அப்படிப்பட்ட மரணங்களை 1992-இலிருந்து பதிவு செய்துவரும் அமைப்பின் கணக்கில் முன் எப்போதும் இல்லாத அளவு. அவர்களில் பலர் தங்கள் வீடு இடிந்த செய்தியைத் தாங்களே சொன்னவர்கள்.

தமிழில் ‘சமரசம்’ இதழ் 1980-இலிருந்து வருகிறது. இலங்கையில் ‘நவமணி’, ‘விடிவெள்ளி’ போன்றவை சமூகச் செய்திகளைச் சுமந்திருக்கின்றன. இணையத்தில் எழுதுகிறவர்கள் ஏராளம். குறை என்று எனக்குப் படுவது ஒன்றுதான்: மறுத்து எழுதியவரின் கடிதத்தை முழுதாகப் போட்டு அதற்குக் கீழே பதில் எழுதும் பழக்கம் போய்விட்டது. பிடிக்காதவரை நீக்கிவிடுவது சுலபமாகிவிட்டது.

பழைய இதழ்களை எங்கே படிக்கலாம்?

இலங்கை இதழ்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தைப் பாருங்கள், முஸ்லிம் ஆவணங்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. சிங்கப்பூர்ப் பத்திரிகைகளுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போனால் பழைய தமிழ் இதழ்கள் நிறையக் கிடைக்கும். பெயர் தெரிந்தால் கேட்டு வாங்கலாம், தெரியாவிட்டால் வருடத்தைச் சொல்லுங்கள், உதவுவார்கள். உருதுவுக்கு ரேக்தா இணையதளம். அரபு, பாரசீகம், உஸ்மானியத் துருக்கி இதழ்களை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் மின்படியாக்கி வைத்திருக்கிறது.

வீட்டில் வாப்பா (அப்பா) காலத்துப் பத்திரிகைக் கட்டு ஒன்று கிடக்கிறது. என்ன செய்வது?

தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அரபு எழுத்து இருக்கிறது என்பதால் கிணற்றில் போடுவது, புதைப்பது, எரிப்பது என்று நம் ஊர்களில் வழக்கம் உண்டு. மரியாதைக்காகத்தான் செய்கிறோம், ஆனால் அதில் பல இதழ்களின் கடைசிப் பிரதிகள் அழிந்திருக்கக்கூடும்.

முதலில் கட்டைப் பிரித்து நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், இரண்டும் தாளைக் கெடுக்கும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு இதழின் அட்டையையும், தேதியும் அச்சக முகவரியும் இருக்கும் பக்கத்தையும் செல்போனில் படமெடுங்கள். முகவரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். ஓரத்தில் யாராவது பேனாவால் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். சந்தாச் சீட்டு, மணியார்டர் ரசீது, உள்ளே செருகிய கடிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள், எந்த இதழுக்குள் இருந்ததோ அதற்குள்ளேயே வையுங்கள். பிறகு மேலே சொன்ன நூலகங்களில் ஒன்றுக்குப் படங்களை அனுப்பிக் கேளுங்கள். கட்டைக் கொடுக்க மனமில்லை என்றால் மின்படி எடுத்துக்கொண்டு திருப்பித் தர முடியுமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.